திருத்தணியில் பிறந்தவர் கையெழுத்திட்ட முதல் நெருக்கடி நிலை

1/ நெருக்கடி நிலை என்றாலே நமக்கு 1975 தான் ஞாபகம் வரும். ஆனால் முதல் தேசிய நெருக்கடி நிலை 1962-லேயே வந்துவிட்டது. அதில் கையெழுத்துப் போட்டவர், எங்க திருத்தணியில் பிறந்த குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன். அது எப்படி வந்தது என்பதைவிட, ஏன் போகவே இல்லை என்பதுதான் முக்கியம்.

2/ 1962 அக்டோபர் 20: சீனப் படையெடுப்பு. அக்டோபர் 26: நேரு அரசின் ஆலோசனைப்படி 352-வது பிரிவின் கீழ் பிரகடனம். நவம்பரில் நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்தது. போர் நேரம், நியாயம்தான்.

3/ நவம்பர் 21-ல் சீனா போர்நிறுத்தம் அறிவித்தது. சண்டை ஒரு மாதம். நெருக்கடி நிலை விலகியதோ 1968 ஜனவரி 10! நடுவே 1965-ல் பாகிஸ்தான் போர் வந்தது, அதுவும் சில வாரங்களில் முடிந்தது. 1967 மே மாதம் ராதாகிருஷ்ணன் பதவிக்காலம் முடிந்து போகும்போதும் இது அமலில்தான் இருந்தது.

4/ எப்படி? அன்றைய விதி: 2 மாதத்துக்குள் நாடாளுமன்றம் ஒருமுறை ஒப்புதல் தந்தால் போதும். அதன்பின் காலாவதி தேதியே கிடையாது. அரசு தானாக விலக்கினால்தான் உண்டு.

5/ மருத்துவத்தில் சொன்னால் இது ஸ்டீராய்டு மாதிரி. ஆபத்து நேரத்தில் உயிர் காக்கும். ஆனால் எப்போது நிறுத்துவது என்று எழுதாமல் விட்டால், அந்த மருந்தே நோயாகிவிடும்.

6/ பக்கவிளைவு நம்ம ஊரிலேயே தெரிந்தது. சீனப் போருக்காக வந்த இந்தியப் பாதுகாப்பு விதிகள், 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் பாய்ந்தன. கலைஞர் கருணாநிதி பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். இந்த விதிகளில் கைதானவர்கள் அடிப்படை உரிமை கேட்டு நீதிமன்றம் போகும் வழியையும் குடியரசுத் தலைவரின் ஆணை அடைத்திருந்தது.

7/ 1971 டிசம்பர் 3-ல் இரண்டாவது பிரகடனம். அது நீடிக்கும்போதே, 1975 ஜூன் 25-ல் 'உள்நாட்டுக் குழப்பம்' என்று மூன்றாவது. அமைச்சரவைக்கே மறுநாள் காலையில்தான் தகவல். நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்தபோது எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில். இரண்டும் விலகியது 1977 மார்ச்சில்.

8/ ஜனதா ஆட்சியில் வந்த 44-வது திருத்தம் (1978) ஓட்டைகளை அடைத்தது:
• அமைச்சரவையின் எழுத்துபூர்வ முடிவு கட்டாயம்
• 'உள்நாட்டுக் குழப்பம்' போய் 'ஆயுதக் கிளர்ச்சி'
• 1 மாதத்துக்குள் இரு அவைகளின் ஒப்புதல். மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேல், வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கு
• 6 மாதத்துக்கு ஒருமுறை மறுபடி ஒப்புதல்
• உயிர் வாழும் உரிமையை (21-வது பிரிவு) முடக்க முடியாது

9/ இன்னொன்று பலருக்குத் தெரியாது. மக்களவையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 543-ல் 55 பேர் எழுதிக் கொடுத்தால், 14 நாளுக்குள் சிறப்புக் கூட்டம் நடத்தியாக வேண்டும். சாதாரணப் பெரும்பான்மையில் நெருக்கடி நிலையை நிராகரிக்கலாம்.

10/ அமெரிக்காவைப் பாருங்கள். 1976-ல் அவர்களும் சட்டம் போட்டார்கள். ஆனால் அதிபரே ஆண்டுதோறும் நீட்டித்துக்கொள்ளலாம். 2019-ல் இரு அவைகளும் ரத்து செய்யச் சொல்லியும், டிரம்ப் வீட்டோ போட்டுவிட்டார். ஈரானுக்காக 1979-ல் வந்த அவசரநிலை நாற்பது ஆண்டு தாண்டியும் நீட்டிக்கப்பட்டது.

11/ நம்மிடம் நிறுத்தும் அதிகாரம் எம்.பி.க்கள் கையில். 1977-க்குப் பிறகு தேசிய நெருக்கடி நிலை வரவில்லை. வந்தால் அந்த 55 கையெழுத்தில் ஒன்றைப் போட, திருத்தணி அடங்கிய அரக்கோணம் தொகுதி எம்.பி.க்கும் உரிமை உண்டு. உங்க எம்.பி.க்கும்தான். ஓட்டுக் கேட்டு வரும்போது ரோடு, தண்ணீரோடு இதையும் கேளுங்கள்.