டில்லியில் ஒரு பீஜகணித ஆசிரியர்

பள்ளிப் பிள்ளைகளுக்கான கணிதப் போட்டிகளில் அடிக்கடி தலைகாட்டும் ஒரு வகைக் கணக்கு உண்டு. நாற்பது மீட்டர் நீளமுள்ள கயிற்றால் நீண்ட சதுர வடிவில் ஒரு தோட்டத்தை வளைக்க வேண்டும். அதன் பரப்பு எவ்வளவு பெரிதாக இருக்கக்கூடும்? கல்லூரியில் பயின்றவர் இதைக் கண்டதும் நுண்கணிதத்தை எடுத்துக்கொள்வார். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கருவி கைவந்திராது. அவனிடம் இருப்பதெல்லாம் பீஜகணிதம் ஒன்றே. நம் பாட்டனார் அட்சரகணிதம் என்றும், இன்றைய பாடநூல்கள் இயற்கணிதம் என்றும் குறிப்பது அதையே. அந்த ஒன்றைக் கொண்டே இவ்வகைக் கணக்குகளை எல்லாம் தீர்க்க முடியும் என்று வாதாடி, தம் கைப்பொருளைச் செலவிட்டு ஒரு நூலை அச்சிட்ட மனிதர் ஒருவர் டில்லி மாநகரில் வாழ்ந்தார். அவர் பெயர் இராமசந்திரர். ஊரார் அவரை ‘மாஸ்டர்’ இராமசந்திரர் என்று வழங்கினர்.

அவர் பிறந்தது 1821-இல், பானிப்பட்டில். குடும்பம் டில்லியைச் சேர்ந்த காயஸ்தக் குடும்பம். பத்து வயதளவில் தந்தையை இழந்தார். 1833-இல் டில்லியிலிருந்த ஆங்கிலப் பள்ளியில் சேர்ந்தார். இடையில் குடும்பத்தின் பொருட்டுப் படிப்பை நிறுத்தி எழுத்தராகப் பணி செய்தார். பின்னர் 1841-இல் போட்டித் தேர்வு எழுதி உதவித்தொகை பெற்று மீண்டும் கல்வியைத் தொடர்ந்தார். கணிதத்தைப் பெரும்பாலும் அவர் நூல்களைக் கொண்டு தாமே கற்றவர். தாமே கற்றவர்களுக்கு ஒரு குணம் உண்டு: பிறர் தாண்டிச் சென்றுவிடும் படிகளில் நெடுநேரம் நின்று பார்ப்பார்கள். இராமசந்திரரின் நூலில் அந்தக் குணத்தைப் பக்கத்துக்குப் பக்கம் காணலாம்.

டில்லிக் கல்லூரி என்பது அந்நாளில் ஒரு வியப்பான இடம். அஜ்மீர் வாயிலுக்கருகே இருந்த காஜியுத்தீன் மதரசாவில் 1825-இல் அது தொடங்கிற்று. 1828-இல் ஆங்கில வகுப்பும் ஏற்பட்டது. பிற நகரங்களில் மேலைநாட்டு விஞ்ஞானம் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்ட காலத்தில், இங்கே கணிதமும் வானநூலும் இயற்பியலும் உருது மொழியில் கற்பிக்கப்பட்டன. அதற்கு வேண்டிய நூல்களை மொழிபெயர்க்க ஒரு சங்கமும் இயங்கிற்று. 1844-இல் இராமசந்திரர் இக்கல்லூரியின் கீழ்த்திசைப் பிரிவில் ஐரோப்பிய விஞ்ஞான ஆசிரியராக அமர்ந்தார். அடுத்த ஆண்டே உருது மொழியில் ஓர் இதழைத் தொடங்கினார். 1847-இல் இன்னொன்றையும் தொடங்கினார். பின்னாளில் உருது மொழிக்குக் கணித நூல்களை ஏராளமாக ஆக்கித் தந்த ஜகாவுல்லா அவருடைய மாணவர்.

அந்த வகுப்பறையை நாம் சற்று மனக்கண்ணால் பார்ப்போம். மதரசா வழிவந்த மாணவருக்கு இந்தக் கணிதம் ‘ஜப்ர் ஓ முகாபலா’. பாக்தாதில் அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பிலிருந்து வந்த பெயர் அது. ஐரோப்பியர் அல்ஜீப்ரா என்பதும் அதன் திரிபே. வடமொழி மரபை அறிந்த மாணவருக்கு இது பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாஸ்கரர் எழுதிய பீஜகணிதம். ஆங்கிலப் புத்தகம் வைத்திருந்தவருக்கு இது கேம்பிரிட்ஜிலிருந்து கப்பலேறி வந்த சரக்கு. மூன்று ஆறுகளும் ஒரே அறையில் கலந்தன. பாஸ்கரரின் நாட்டில் பீஜகணிதம் மங்கிக் கிடக்கிறது, அதை மீண்டும் சுடர்விடச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் இராமசந்திரருக்கு இங்கேதான் வலுப்பட்டது. தம் நாட்டு மாணவரை முன்பின் அறியாத நுண்கணிதத்தில் தள்ளுவதைவிட, அவர்கள் மரபுக்குப் பழக்கமான சமன்பாட்டின் வழியே பெருமம், சிறுமம் ஆகியவற்றுக்கு அழைத்துச் செல்லலாம் என்று அவர் கருதினார்.

அவருடைய வழி எத்தகையது? வானொலியில் கரும்பலகை கிடையாது. ஆகவே சொற்களாலேயே எழுதிப் பார்ப்போம். கயிற்றின் நீளம் நாற்பது மீட்டர். எனவே அடுத்தடுத்த இரு பக்கங்களின் கூட்டுத்தொகை இருபது. ஒரு பக்கத்தை அ என்போம். மற்றது இருபதில் அ குறைந்தது. இவ்விரண்டின் பெருக்கமே பரப்பு. அதற்கு ப என்று பெயரிடுவோம். இப்போது ப எவ்வளவு பெரிதாகலாம் என்று நேரே கேட்கவேண்டாம். ப இன்னதென்று தெரிந்துவிட்டதாக வைத்துக்கொண்டு அ-வைத் தேடுவோம். இருபடிச் சமன்பாடு ஒன்று கிடைக்கும். அதைத் தீர்த்தால், அ என்பது பத்துடன் ஒரு வர்க்கமூலத்தைக் கூட்டியோ கழித்தோ வருவது என்று காண்கிறோம். அந்த வர்க்கமூலத்தின் உள்ளே இருப்பது நூறில் ப குறைந்தது. ப நூறுக்கு மேற்பட்டால் உள்ளே குறை எண் வந்துவிடும். அத்தகைய பக்கம் கொண்ட தோட்டம் உலகில் எங்கும் இல்லை. ஆகவே பரப்பு நூறு சதுர மீட்டரைத் தாண்டாது. நூறாகும்போது வர்க்கமூலம் மறைந்து பக்கம் பத்தாகிறது. தோட்டம் சதுரம்.

விடையைத் தேடாமல், விடை எங்கே இயலாததாகிறது என்பதைத் தேடுவதுதான் இதில் உள்ள அழகு. கரையைக் கண்டால் குளத்தின் அளவு தெரிந்துவிடுகிறது.

இருபடிச் சமன்பாடு வரையில் இது எளிது. இராமசந்திரருக்கு முன்னும் பலர் அறிந்தது. அவருடைய துணிவு முப்படிச் சமன்பாட்டில் வெளிப்படுகிறது. பன்னிரண்டு என்ற எண்ணை இரு பகுதியாக்கி, ஒன்றின் வர்க்கத்தை மற்றொன்றால் பெருக்கினால் வரும் பெருக்கம் மிகப் பெரிதாக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வர்க்கமாகும் பகுதி அ, பெருக்கம் ப என்றால் கிடைப்பது முப்படிச் சமன்பாடு. அதை நேரே தீர்க்கப் புகுந்தால் காடு மேடெல்லாம் அலைய நேரும். ஆனால் ப மிகை எண்ணாதலால் அச்சமன்பாட்டுக்குக் குறை எண்ணாகிய மூலம் ஒன்று உறுதியாக உண்டு. அதன் அளவை உ என்று குறித்து, அதற்குரிய காரணியால் சமன்பாட்டை வகுத்துவிட்டால் எஞ்சுவது நமக்குப் பழக்கமான இருபடிச் சமன்பாடு. அதன் மூலங்கள் மெய்யாக இருக்கவேண்டுமெனில் பன்னிரண்டும் உ-வும் சேர்ந்த தொகை உ-வின் நான்கு மடங்குக்குக் குறையக் கூடாது. அதாவது உ நான்கைத் தாண்டக் கூடாது. ப என்பதோ உ-வின் வர்க்கத்தைப் பன்னிரண்டும் உ-வும் சேர்ந்த தொகையால் பெருக்கியது. உ வளர வளர அதுவும் வளரும். ஆகவே உ நான்காகும்போது ப-வின் எல்லை பதினாறைப் பதினாறால் பெருக்கிய 256. பகுதிகள் எட்டும் நான்கும். எட்டின் வர்க்கம் 64. அதை நான்கால் பெருக்கினாலும் 256. நேயர்கள் தாளும் பென்சிலும் எடுத்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளலாம். பள்ளிக் கணிதத்துக்கு மேற்பட்ட ஒன்றையும் இதில் நாம் தொடவில்லை.

இத்தகைய கணக்குகளைத் திரட்டி 1850-இல் கல்கத்தாவில் ஆங்கில நூலாக அவர் வெளியிட்டார். அச்சுச் செலவு அவருடையதே. நூல் பெற்ற வரவேற்போ கசப்பானது. கல்கத்தாவில் வெளிவந்த மதிப்புரை அதை இகழ்ந்தது. நுண்கணிதம் சில வரிகளில் முடித்துவிடும் வேலைக்கு இத்தனை பக்கமா என்ற கேள்வி எவருக்கும் எழக்கூடியதுதான். அதில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். நுண்கணிதத்தின் வழி எல்லாவகைச் சார்புகளுக்கும் பொருந்தும். இராமசந்திரரின் வழி ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு புதிய சூழ்ச்சியைக் கேட்கும். பொறியியலாளருக்கு அது குறை. மாணவனுக்கு? அந்தக் கேள்வியைக் கேட்க வேறொருவர் வரவேண்டியிருந்தது.

கல்கத்தாவில் அப்போது கல்விக் குழுவின் தலைவராக இருந்தவர் டிரிங்க்வாட்டர் பெதூன். பெண்களுக்குப் பள்ளி நிறுவியதால் வங்காளத்தில் இன்றும் பெயர் விளங்குபவர். அவர் நூலின் பிரதியை லண்டனில் யூனிவர்சிட்டி கல்லூரியின் கணிதப் பேராசிரியராக இருந்த அகஸ்டஸ் டி மார்கனுக்கு அனுப்பிவைத்தார். அடுத்த ஆண்டே பெதூன் மறைந்தார்; ஆயினும் நூல் சேர வேண்டிய கையில் சேர்ந்துவிட்டது.

டி மார்கனை நாம் அயலாராக எண்ண வேண்டியதில்லை. 1806 ஜூன் 27-ஆம் நாள் அவர் பிறந்தது நம் மதுரையில். தந்தை கம்பெனிப் படையில் அதிகாரி. பிறந்த சிறிது காலத்திலேயே ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர். கைக்குழந்தையாகவே இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டார். தர்க்கத்திலும் பீஜகணிதத்திலும் அவர் பெயர் சொல்லும் விதிகள் இன்றும் நம் மாணவரின் பாடத்தில் உள்ளன. தம் வயதை ஒரு கணக்காகவே அவர் கூறுவது வழக்கம்: இன்ன வருடத்தில் தம் வயதின் வர்க்கமே வருடத்தின் எண்ணாக இருந்தது என்பார். பிறந்த ஆண்டு நமக்குத் தெரியுமாதலால் இதை அவிழ்ப்பது அரிதன்று. வயதின் வர்க்கத்திலிருந்து வயதைக் கழித்தால் 1806 வரவேண்டும். வயது 43, ஆண்டு 1849.

டி மார்கன் நூலைப் படித்ததும் அதன் உட்பொருளைக் கண்டுகொண்டார். தேர்வுக்காக விதிகளை விழுங்கும் கேம்பிரிட்ஜ் முறையில் அவருக்கு மனக்குறை உண்டு. ஆங்கிலச் சிறுவர்கள் குறியீடுகளை எந்திரம்போல் உருட்டுகிறார்கள், சமன்பாடு என்ன சொல்கிறது என்று நின்று கேட்பதில்லை என்பது அவர் கவலை. டில்லி ஆசிரியரின் கணக்குகள் ஒவ்வொன்றும் மாணவனை நிறுத்திக் கேட்கவைத்தன. ஆகவே இந்நூல் இந்தியப் பள்ளிகளுக்கு மட்டுமன்றி இங்கிலாந்துப் பள்ளிகளுக்கும் பயன்படும் என்று கம்பெனியின் இயக்குநர் அவைக்கு எழுதினார். அவை இணங்கியது. இராமசந்திரருக்கு ஐந்து உருப்படிகள் கொண்ட கில்லத் என்னும் மரியாதை உடையும், இரண்டாயிரம் ரூபாயும் வழங்க முடிவாயிற்று. லண்டனில் மறுபதிப்புக்கும் ஏற்பாடு நடந்தது. வழக்கமாகப் புத்தகங்கள் அங்கிருந்து இங்கே வரும். இது இங்கிருந்து அங்கே போன கணக்குப் புத்தகம்.

ஆனால் அதற்குள் டில்லி எரிந்தது.

இராமசந்திரர் 1852-இல், டாக்டர் சிமன்லால் என்பவருடன், கிறிஸ்தவ சமயத்தைத் தழுவியிருந்தார். 1857 மே மாதத்தில் கிளர்ச்சி டில்லிக்குள் புகுந்தபோது சிமன்லால் கொல்லப்பட்டார். கல்லூரி முதல்வர் டெய்லரும் கொல்லப்பட்டார். கல்லூரியின் நூலகம் சூறையாயிற்று. இராமசந்திரர் தப்பி நகரை விட்டு வெளியேறினார். செப்டம்பரில் ஆங்கிலப் படை நகரைப் பிடித்த பின்பு திரும்பி வந்தார். திரும்பியவருக்கு அமைதி கிடைத்ததா? கிளர்ச்சிக்காரர் கையில் அகப்பட்டால் கிறிஸ்தவர் என்று மாய்ந்திருப்பார். இப்போதோ வென்ற படையின் ஆங்கில அதிகாரிகள் சிலர், அவர் ஒரு கறுத்த மனிதர் என்பதற்காகவே, அவர் வீட்டின்மீது உருண்டைகளை எறிந்தும் வழியில் அவரை அடித்தும் துன்புறுத்தினர். இதைக் குறித்து நகரின் இராணுவ ஆளுநருக்கு அவர் எழுதிய முறையீடு சரித்திர ஆசிரியர்களால் எடுத்துக் காட்டப்படுகிறது. லண்டனில் அவருடைய நூலுக்கு முன்னுரை எழுதப்பட்டுவந்த காலமும், டில்லியில் அவர் மண்டையில் அடி விழுந்த காலமும் ஏறத்தாழ ஒன்றே.

1858-இல் அவர் ரூர்க்கி பொறியியல் கல்லூரியில் ஆசிரியரானார். பின்பு டில்லிக்கே பள்ளித் தலைமையாசிரியராக வந்தார். 1859-இல் லண்டன் பதிப்பு டி மார்கனின் நீண்ட முன்னுரையோடு வெளிவந்தது. அதற்கு ஏற்பாடு செய்த கம்பெனியின் ஆட்சி அதற்கு முந்திய ஆண்டே முடிந்துபோயிருந்தது. இங்கிலாந்துப் பள்ளிகளில் அந்நூல் பாடமாக வேரூன்றவில்லை; இந்தியாவிலும் அப்படியே. உருது வழி உயர்கல்வியும் பின்னர் தளர்ந்தது.

இனி நம் காலத்துக்கு வருவோம். சர்வதேசக் கணித ஒலிம்பியாடு 1959-இல் ருமேனியாவில் ஏழு நாடுகளோடு தொடங்கிற்று. லண்டன் பதிப்புக்குச் சரியாக நூறாண்டுக்குப் பின் என்பது தற்செயலே. நம் நாட்டில் தேசிய ஒலிம்பியாடு 1986-இல் ஆரம்பமாயிற்று. 1989-இல் இந்திய அணி முதன்முதலாக வெளிநாடு சென்றது. 1996-இல் மும்பையிலேயே போட்டி நடந்தது. 2024-இல் இங்கிலாந்தின் பாத் நகரில் நம் பிள்ளைகள் நான்கு தங்கப் பதக்கங்களோடு நான்காம் இடம் பெற்றனர். இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் நாலரை மணி நேரம், மூன்று கணக்குகள். ஒரு கணக்குக்கு ஒன்றரை மணி நேரம் என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒரு விடை குறிக்கும் நுழைவுத் தேர்வுகளுக்கும் இதற்கும் உறவே இல்லை. இப்போட்டிக்கு நுண்கணிதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பெருமமும் சிறுமமும் கேட்கப்படும்போது, கூட்டுச் சராசரி பெருக்குச் சராசரிக்குக் குறையாது என்பது போன்ற சமனிலிகளைக் கொண்டும், இருபடிச் சமன்பாட்டின் மூலங்கள் மெய்யாக இருக்க வேண்டிய நிபந்தனையைக் கொண்டும் மாணவர் விடை காண்கிறார். பின்னது இராமசந்திரர் நடந்த அதே பாதை. அவருடைய பெயரை அறிந்து நடப்பவர் சிலரே.

இராமசந்திரர் பின்னாளில் பாட்டியாலா இளவரசர் மகேந்திர சிங்கின் ஆசிரியராகி, அந்தச் சமஸ்தானத்தின் கல்வித் துறைக்கும் தலைமை வகித்து, 1880-இல் காலமானார். அவர் பயிற்றிய கல்லூரி இன்று ஜாகிர் உசேன் டில்லிக் கல்லூரி என்ற பெயரோடு வேறிடத்தில் நடக்கிறது. அஜ்மீர் வாயிலருகே அதன் பழைய மதரசாக் கட்டடத்தில் ஒரு பள்ளி இயங்கிவருகிறது. அங்கே பத்தாம் வகுப்பில் இருபடிச் சமன்பாடு பாடமாக உள்ளது.