கரிசல் பூமியின் நடுநிலைப் பள்ளிகள்: ‘அனைவரும் தேர்ச்சி’க்கு அப்பால் பார்க்க வேண்டியவை

நம் ஊர் நடுநிலைப் பள்ளி எப்படி என்று கேட்டால், ‘அங்கே எல்லோரும் பாஸ்’ என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். அந்தப் பதிலில் தகவல் எதுவும் இல்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 8ஆம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் தேர்ச்சியின்றி நிறுத்தி வைக்கக் கூடாது என்றது. 2019இல் அந்த விதி தளர்த்தப்பட்டு முடிவு மாநிலங்களிடம் விடப்பட்டபோதும், தமிழகம் பழைய முறையையே தொடர்ந்தது. ஆகவே 8ஆம் வகுப்பில் 100 சதவீதத் தேர்ச்சி என்பது எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவானது. ஒரு பள்ளியின் உண்மை நிலையை அறிய வேறு எண்களைப் பார்க்க வேண்டும்.

கோவில்பட்டி, எட்டயபுரம், கயத்தாறு, விளாத்திகுளம் ஆகியவற்றைச் சுற்றிய கரிசல் வட்டாரத்தில் இது மிகவும் அவசியம். 1956இல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது இங்குள்ள எட்டயபுரத்தில்தான். சீறாப்புராணம் தந்த உமறுப் புலவர், கடிகைமுத்துப் புலவரிடம் பாடம் கேட்டதும் அதே ஊரில்தான். கல்வியில் இப்படிப் பெயர் பெற்ற வட்டாரம், தன் பிள்ளைகளைத் தீப்பெட்டி வேலைக்கு அனுப்பிய வரலாறும் கொண்டது. 1986 சட்டம் தீப்பெட்டித் தயாரிப்பில் 14 வயதுக்குட்பட்டோரைத் தடை செய்தது. 2016 திருத்தம், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவது போன்ற சில விலக்குகளைத் தவிர, அந்தத் தடையை எல்லாத் தொழில்களுக்கும் விரித்தது.

யார் படிக்கிறார்கள்?

ஒவ்வொரு பள்ளிக்கும் யூடைஸ் எனப்படும் 11 இலக்க எண் உண்டு. வகுப்புவாரியாக ஆண், பெண் எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை, கழிப்பறை, குடிநீர் வசதி ஆகியவை அந்த எண்ணின் கீழ் பதிவாகின்றன. தமிழக அரசின் எமிஸ் பதிவில் ஒவ்வொரு மாணவருக்கும் தனி எண் உண்டு. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம், ஆதிதிராவிடர், அருந்ததியர் போன்ற பிரிவுகளும் அதில் தனித்தனியே குறிக்கப்படுகின்றன.

இந்த எண்களைப் படிக்கும்போது மூன்று விஷயங்களில் கவனம் தேவை. முதலாவது, 5ஆம் வகுப்பை விட 6ஆம் வகுப்பில் எண்ணிக்கை குறைந்திருந்தால் அதை உடனே இடைநிற்றல் என்று சொல்லிவிடக் கூடாது. உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் 6ஆம் வகுப்பு இருப்பதால் பிள்ளைகள் அங்கே மாறியிருக்கலாம். இரண்டாவது, சிறிய வகுப்பில் சதவீதம் ஏமாற்றும். 12 பேர் படிக்கும் வகுப்பில் ஒரு பிள்ளை நின்றாலே 8 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடும். மூன்றாவது, பெயர் பதிவேட்டில் இருப்பதும் பிள்ளை வகுப்பில் இருப்பதும் ஒன்றல்ல. மானாவாரி நிலத்தில் ஐப்பசி, கார்த்திகையில் களையெடுப்பு. தை, மாசியில் பருத்தி எடுப்பு. தாய் காட்டுக்குப் போகும் நாட்களில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிற்பவள் மூத்த பெண் பிள்ளை. ஆண்டு சராசரி வருகையில் இது தெரியாது. மாதவாரியாகப் பார்த்தால்தான் தெரியும்.

எப்படிப் படிக்கிறார்கள்?

6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 35 மாணவருக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்பது சட்டம். அறிவியல்–கணிதம், சமூக அறிவியல், மொழி ஆகிய மூன்றுக்கும் குறைந்தது ஒருவராவது இருக்க வேண்டும். சிறிய பள்ளியில் ஓர் இடம் காலியானால், அந்தப் பாடம் ஆண்டு முழுவதும் பாதிக்கப்படும். எனவே ‘எத்தனை ஆசிரியர்கள்’ என்பதோடு ‘எந்தப் பாடத்துக்கு ஆள் இல்லை’ என்றும் கேட்க வேண்டும்.

பிள்ளைகளின் அடைவை அளக்க, வெளிப்படையான ஓர் அளவுகோல் இருக்கிறது: தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் 8ஆம் வகுப்பு மாணவர்கள் இதை எழுதலாம். பெற்றோர் ஆண்டு வருமானம் 3.5 லட்சம் ரூபாய்க்கு மேல் இருக்கக் கூடாது. தேர்வாகும் பிள்ளைக்கு 9 முதல் 12ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். ஒரு பள்ளியிலிருந்து எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் தேர்வானார்கள் என்பது, ‘அனைவரும் தேர்ச்சி’ சொல்லாததைச் சொல்லிவிடும்.

நம் சமுதாயம் கவனிக்க வேண்டியது

6 முதல் 14 வயது முஸ்லிம் பிள்ளைகளில் நான்கில் ஒருவர் பள்ளிக்கே போகாதவர் அல்லது இடையில் நின்றவர் என்று 2006இல் சச்சார் குழு கூறியது. மதரஸாக்களில் மட்டும் படிப்போர் நூற்றுக்கு மூன்று நான்கு பேர்தான் என்பதையும் அதே குழு காட்டியது. நம் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோரின் எதிர்காலம் பொதுப் பள்ளியில்தான் இருக்கிறது என்பதே இதன் பொருள். இதற்கிடையில், சிறுபான்மையினருக்கான மத்திய அரசின் பள்ளிப் படிப்பு உதவித்தொகை, 2022–23 முதல் 9, 10ஆம் வகுப்புகளுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. நடுநிலைப் பள்ளிப் பிள்ளை அந்த உதவியை இழந்துவிட்டது.

மறுபக்கம், 6ஆம் வகுப்பில் எந்தப் பள்ளியில் சேர்க்கிறோம் என்பது பிற்காலத்தில் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது. மருத்துவப் படிப்பில் 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. 2021இல் அது பொறியியல், வேளாண்மை, சட்டம் உள்ளிட்ட படிப்புகளுக்கும் விரிவானது. ஊராட்சி ஒன்றியப் பள்ளியும் நகராட்சிப் பள்ளியும் இதில் அரசுப் பள்ளிகளே. அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. உயர்கல்வி செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் 6 முதல் 12 வரையிலான படிப்பே அடிப்படை. உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் அதை விரிவாக்கும் விழா, 2024 டிசம்பரில் தூத்துக்குடியில்தான் நடந்தது. கடன் வாங்கி 6ஆம் வகுப்பில் தனியார் ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றும் பெற்றோர், எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்தே முடிவெடுக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். நலிந்த பிரிவினருக்கும் உரிய இடம் உண்டு. நம் தாய்மார்கள் அந்தக் கூட்டத்தில் போய் அமர வேண்டும். காலியிடம், மாதவாரி வருகை, உதவித்தொகைத் தேர்வு ஆகிய மூன்றையும் கேட்க வேண்டும். மஹல்லா ஜமாஅத், மக்தப் நேரத்தைப் பள்ளி நேரத்தோடு மோதாமல் அமைக்கலாம். 8ஆம் வகுப்பு எழுதும் பிள்ளைகளுக்கு, எந்தச் சமயத்தவராயினும், உதவித்தொகைத் தேர்வுக்கான மாலை வகுப்பு நடத்தலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, 8 முடித்த ஒவ்வொரு பிள்ளையும் ஜூன் மாதம் எந்தப் பள்ளியில் 9ஆம் வகுப்பில் அமர்ந்திருக்கிறது என்று ஒரு பட்டியல் எடுக்க வேண்டும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு 14 வயதோடு முடிகிறது. அந்தப் பட்டியலில் பள்ளியின் பெயர் இல்லாத பிள்ளையின் வீட்டுக் கதவை அந்த வாரமே தட்டியாக வேண்டும்.