பிர்கிட் பிரின்ஸ்

பிர்கிட் பிரின்ஸ் (பிறப்பு: அக்டோபர் 25, 1977, பிராங்க்ஃபர்ட்) ஜெர்மனியைச் சேர்ந்த முன்னாள் பன்னாட்டுக் காற்பந்தாட்ட வீராங்கனை ஆவார். முன்கள வீராங்கனையான இவர் ஜெர்மனி மகளிர் தேசிய அணிக்காக 1994 முதல் 2011 வரை 214 ஆட்டங்களில் பங்கேற்று 128 கோல்கள் அடித்தார். ஜெர்மனியின் ஆண்கள் அணியிலும் இவ்விரு எண்ணிக்கைகளையும் எட்டியவர் எவருமிலர்.

பன்னாட்டு வாழ்க்கை

1994 சூலையில் கனடாவுக்கு எதிரான ஆட்டத்தில் மாற்று வீராங்கனையாகத் தமது 16-ஆம் வயதில் அறிமுகமானார். அவ்வாட்டத்தின் வெற்றிக் கோலையும் அவரே அடித்தார். அடுத்த ஆண்டு சுவீடனில் நடைபெற்ற உலகக்கோப்பையின் இறுதியாட்டத்தில் களமிறங்கியபோது அவருக்கு வயது 17. அதில் ஜெர்மனி நோர்வேயிடம் 0-2 எனத் தோற்றது.

2003 உலகக்கோப்பையை ஜெர்மனி முதன்முறையாக வென்றது. அத்தொடரில் பிரின்ஸ் 7 கோல்கள் அடித்து, அதிக கோல் அடித்தவர், சிறந்த வீராங்கனை ஆகிய இரு விருதுகளையும் பெற்றார். 2007-இல் சீனாவில் அணித்தலைவராகக் கோப்பையைத் தக்கவைத்தார். ஷாங்காய் இறுதியாட்டத்தில் பிரேசிலுக்கு எதிராக முதல் கோலை அடித்தவர் இவரே. அத்தொடர் முழுவதிலும் ஜெர்மனி ஒரு கோலும் வாங்கவில்லை.

உலகக்கோப்பைகளில் இவர் அடித்த மொத்த கோல்கள் 14. இச்சாதனையை 2015-இல் பிரேசிலின் மார்த்தா முறியடித்தார். ஐந்து முறை ஐரோப்பிய வாகையர் பட்டமும் (1995, 1997, 2001, 2005, 2009) மூன்று முறை ஒலிம்பிக் வெண்கலமும் (2000, 2004, 2008) வென்ற அணிகளில் இடம்பெற்றார்.

கழக வாழ்க்கை

எஃப்.எஸ்.வி. பிராங்க்ஃபர்ட் கழகத்திற்காக ஆடிய பின் 1998-இல் 1. எஃப்.எஃப்.சி. பிராங்க்ஃபர்ட் கழகத்தில் இணைந்தார். இக்கழகத்துடன் ஐரோப்பிய மகளிர் கோப்பையை மூன்று முறை (2002, 2006, 2008) வென்றார். இடையில் அமெரிக்காவின் கரோலைனா கரேஜ் அணிக்காகவும் ஆடினார். அவ்வணி 2002-இல் வாகை சூடியது. 2003-இல் இத்தாலியின் பெருஜியா கழகம் தனது ஆண்கள் அணியில் சேருமாறு அழைத்தபோது, பிரின்ஸ் அவ்வழைப்பை ஏற்கவில்லை.

விருதுகள்

ஃபீஃபாவின் உலகின் சிறந்த வீராங்கனை விருதை 2003, 2004, 2005 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து பெற்றார்.

2011 உலகக்கோப்பையும் ஓய்வும்

2011 உலகக்கோப்பை ஜெர்மனியிலேயே நடைபெற்றது. அணித்தலைவராக இறங்கிய பிரின்சுக்கு இது ஐந்தாவது உலகக்கோப்பை. கனடா, நைஜீரியா அணிகளுக்கு எதிரான முதல் இரு ஆட்டங்களிலும் அவர் கோல் அடிக்கவில்லை. இரண்டிலும் இரண்டாம் பாதியின் தொடக்கப் பகுதியிலேயே மாற்றப்பட்டார். இரண்டாவது ஆட்டம் அவர் பிறந்த நகரான பிராங்க்ஃபர்ட்டில் நடந்தது. அதன் பின் பயிற்சியாளர் சில்வியா நைட் அவரைக் களமிறக்கவில்லை. காலிறுதியில் ஜெர்மனி கூடுதல் நேரத்தில் ஜப்பானிடம் 0-1 எனத் தோற்றதையும் அவர் மாற்று வீரர்களுக்கான இருக்கையிலிருந்தே பார்க்க நேர்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஓய்வை அறிவித்தார்.

ஓய்வுக்குப் பின்

ஆடும் காலத்திலேயே உளவியல் பயின்று பட்டம் பெற்றிருந்த பிரின்ஸ், 2012-இல் ஹோஃபன்ஹைம் கழகத்தில் விளையாட்டு உளவியலாளராகச் சேர்ந்தார். பின்னர் ஜெர்மனி மகளிர் தேசிய அணிக்கும் உளவியலாளராகப் பணியாற்றினார். வெற்றியின் உச்சத்தையும் அணியில் இடமிழந்த நிலையையும் தாமே கண்டிருந்தவர், தமக்குப் பின் வந்த வீராங்கனைகள் போட்டியின் அழுத்தத்தை எதிர்கொள்ள இப்பணியின் வழியாகத் துணைநின்றார்.