வன்னி ஊர்ப்பெயர்களும் வரியிடை வெளியும்

வன்னிப் பெருநிலப்பரப்பின் ஊர்ப்பெயர்கள் அச்சுக்கோப்போரையும் இணையப்பக்கம் அமைப்போரையும் ஒருங்கே சோதிப்பவை. ‘வவுனியா’ என்று ஒரு வரியும் அதன்கீழ் ‘கிளிநொச்சி’ என்று மறுவரியுமாக நெருக்கி அமைத்தால், மேல்வரியின் உகரக் கோடு கீழ்வரியின் இகர வளைவை முட்டும். ‘முல்லைத்தீவு’ என்பதிலோ மேலெழும் ஈகாரச் சுழியும் கீழிறங்கும் உகரமும் ஒரே சொல்லில் வந்து நிற்கின்றன. உரோமன் லிபிக்குப் போதுமென வகுத்த வரியிடை நம் எழுத்துக்குப் பல வேளைகளிற் போதாதுபோவது இதனாலேயே.

பனையோலையில் எழுதிய நம் முன்னோர் இச்சங்கடத்தை அறியார். நரம்புகள் நீளவாக்கில் ஓடும் குறுகிய ஓலையில், கிழியுமென்று அஞ்சிப் பெரும்பாலும் புள்ளியும் இடாமல், எழுத்தாணியால் வரிவரியாகக் கீறி, பின்னர் விளக்குக்கரியும் இலைச்சாறும் தடவி எழுத்தைத் துலக்கிய ஏடெழுதுவோர், எழுத்துப் பெருத்தவிடத்து வரியிடையைப் பெருக்கியும் சிறுத்தவிடத்துச் சுருக்கியும், வேறு அளவுகோல் வேண்டாது, கண்ணளவாலேயே காரியத்தை நிறைவேற்றினர். எழுத்தே அங்கு பிரமாணம்.

அச்சு வந்தபின் இந்நிலை மாறிற்று. அமெரிக்க மிஷனார் 1841 இல் ‘உதயதாரகை’யை யாழ்ப்பாணத்தில் வெளியிடத் தொடங்கிய அந்த யுகத்தில், வரிகளுக்கிடையே செருகப்பட்டது ஈயத்தகடு; பின்னாளில் அங்குலத்தில் ஏறக்குறைய 72 இல் ஒரு பங்கான ‘பொயின்ற்’ என்னும் அலகால் அதன் கனம் நிர்ணயிக்கப்பட்டது. எழுத்தைப் பெரிதாக்கியவர் தகட்டையும் மாற்ற மறந்தால், தகடு தானாகத் தடிப்பதில்லை.

இணையப்பக்கங்களின் தோற்றத்தை வகுக்கும் சி.எஸ்.எஸ். என்னும் விதிமுறையை 1994 ஒக்டோபரில் ஹோகன் வியூம் லீ முன்மொழிந்தார். 1996 டிசம்பர் 17 அன்று அதன் முதற்பதிப்பு உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாக வெளிவந்தது. அவ்வாண்டு யூலையில் முல்லைத்தீவிற் பெருஞ்சமர் மூண்டு, செப்டெம்பரிற் கிளிநொச்சி நகரம் இராணுவத்தின் வசமாகி, ஊரையும் உடைமையையும் விட்டு இடம்பெயர்ந்து மின்சாரமின்றி வாழ்ந்த வன்னி மக்களுக்கு அச்செய்தி எட்டியிருக்க நியாயமில்லை. ஆயினும் அவர்தம் ஊர்ப்பெயர்களுக்கே பேருபகாரமான ஒரு நுட்பம் அம்முதற்பதிப்பிலேயே இடம்பெற்றிருந்தது.

வரியுயரத்தை 150 சதவீதம் என்று விதித்தால், 16 பிக்சல் எழுத்துள்ள பக்கத்தில் அது 24 பிக்சலாகக் கணிக்கப்பட்டு, அந்த 24 என்னும் விடையே உட்பகுதிகளுக்கும் இறங்கும். அங்கே 32 பிக்சலில் ஒரு தலைப்பு இரு வரிகளாக மடங்கினால், 32 பிக்சல் எழுத்து 24 பிக்சல் உயரத்துள் அடைபட்டு வரிமேல் வரி ஏறிவிடும். அலகேதுமின்றி 1.5 என்று மட்டும் எழுதினாலோ, இறங்குவது விடையன்று, விகிதம். தலைப்பு தன் 32 ஐ அதனாற் பெருக்கி 48 பிக்சலைத் தானே அமைத்துக்கொள்ளும். ஏடெழுதியவரின் கண்ணளவு ஈயத்தகட்டிடம் இழந்த உரிமையை இவ்வெண்ணாற் பெரும்பாலும் மீட்டுக்கொண்டது என்பதே என் துணிபு.

வவுனியாவில் 1997 இல் நிறுவப்பெற்ற யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் 2021 ஆகஸ்டிலிருந்து தனிப் பல்கலைக்கழகமாக இயங்குகிறது. அத்தகைய இடங்களிற் கணினி பயிலும் நம் பிள்ளைகள், ஆங்கிலப் பக்கத்தின் அளவை அப்படியே பெயர்த்துவையாமல், ‘முல்லைத்தீவு மாவட்டச் செயலகம்’ என்பதைப் பெரிய எழுத்தில் இருவரியாக மடக்கிப் பார்த்து, 1.5 போதுமா, 1.7 வேண்டுமா என்று தாமே தீர்மானிக்கவேண்டும். கண்மங்கிய முதியவர் ஒருவர் கைத்தொலைபேசியில் எழுத்தை மட்டும் பெரிதாக்கும்போதும், அலகற்ற எண்ணாயின், வரியிடையும் கூடவே விரியும்.