சுருக்குப்பையிலிருந்து சேப்டி பின் வரை



மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தரச் சொன்னார்கள். ராஜா ராணி வரலாறு எல்லாம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கிறது. பத்தாவது வரை படித்த நான் அதைத் திரும்ப எழுதி என்ன ஆகப்போகிறது? அதனால் நம்ம இடுப்பில் இருந்த ஒரு பொருளோட வரலாற்றை எழுதுறேன். பணப்பை தொலையாமல், திருடு போகாமல் அதை உடம்போடு சேர்த்துக் கட்டி வைக்க மனுஷங்க என்னென்ன செய்தார்கள் என்பதுதான் விஷயம்.

புடவைக்குப் பாக்கெட் கிடையாது. வேட்டிக்கும் கிடையாது. அதனால் பணத்தைத் துணியில் முடிந்துதான் வைத்தார்கள். நம்ம பேச்சிலேயே இதற்குச் சாட்சி இருக்கு. திருவிளையாடல் கதையில் தருமிக்குக் கிடைத்தது பொற்கிழி. கிழி என்றால் துணி, பொன்னை முடிந்த துணி. இன்றைக்கும் விழா மேடையில் ‘பணமுடிப்பு வழங்கினார்’ என்றுதான் சொல்கிறார்கள், உள்ளே செக் இருந்தாலும்.

சுருக்குப்பையை இந்த மலரைப் படிக்கிற பாதிப் பேராவது ஆயா இடுப்பில் பார்த்திருப்பீர்கள். துணிப்பையின் வாயைச் சுற்றி மடித்துத் தைத்து, அதற்குள் கயிறு ஓட விட்டிருப்பார்கள். இரண்டு பக்கமும் இழுத்தால் வாய் சுருங்கி மூடிக்கொள்ளும். மீதிக் கயிற்றைப் பையின் கழுத்தில் சுற்றி, கொசுவத்துக்குப் பக்கத்தில் இடுப்பு மடிப்புக்குள் செருகுவார்கள். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு டப்பி, புகையிலை, சில்லறை, நாலாக எட்டாக மடிச்ச நோட்டு எல்லாம் அதற்குள்தான். அந்தப் பையைத் திறக்க ரெண்டு கை வேணும். இடுப்பிலிருந்து உருவ வேணும், சுற்றைப் பிரிக்க வேணும், வாயை விரிக்க வேணும். இத்தனையும் ஆயாவுக்குத் தெரியாமல் ஒரு திருடன் செய்ய முடியுமா? பேரப்பிள்ளைகளாலேயே முடியாது!

பை கைக்கு வராத வீடுகளில் முந்தானை நுனியில் முடிச்சு. ஆண்களுக்கு வேட்டி மடி, அரைஞாண் கயிறு. வசதியான வீட்டு அம்மாக்களுக்கு வெள்ளிச் சாவிக்கொத்து: தட்டையான கொக்கி புடவைக்கு உள்ளே போகும், வளையமும் சாவியும் வெளியே தொங்கும். வங்காளத்துப் பெண்கள் முந்தானை நுனியில் சாவியைக் கட்டித் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொள்வார்கள்.

இத்தனை கட்டும் வெளித் திருடனுக்காக மட்டும்தானா? எனக்கு அப்படித் தோணலை. சிறுவாடு என்று ஒரு சொல் இருக்கிறது. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து, பால் விற்று, முட்டை விற்று பொம்பளை தனக்கென்று சேர்க்கிற காசு. பெட்டியில் வைத்தால் கேட்க ஆள் இருக்கும், அரிசிப் பானையில் வைத்தால் தேட ஆள் இருக்கும். இடுப்பில் இருந்தால்தான் அது அவளோடது. பேங்க் வாசலை மிதிக்காத காலத்தில் அவளுக்கு இருந்த ஒரே லாக்கர் அந்த முடிச்சு. 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் குழுக்கள் ஆரம்பித்தபோது முதலில் வந்து சேர்ந்த சேமிப்பு இந்த மாதிரி இடுப்பிலிருந்து அவிழ்த்த காசாகத்தான் இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

வெளிநாட்டுக்காரர்களும் நம்மை மாதிரிதான். ஆல்ப்ஸ் மலைப் பனிக்குள் 1991-ல் ஒரு மனித உடல் கிடைத்தது. சுமார் 5,300 வருஷத்துக்கு முந்தையது. அந்த ஆளோட இடுப்பு வாரில் ஒரு சின்னப் பை சேர்த்துத் தைத்திருந்தது. கல் கருவிகளும் தீ மூட்டுகிற பொருளும் உள்ளே இருந்தன. காசு என்று ஒன்று வருவதற்கு முன்னாலேயே இடுப்புப் பை வந்துவிட்டது, பாருங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஜப்பான்காரர்கள் முறை. அவர்கள் கிமோனோவுக்கும் நம்ம புடவை மாதிரி பாக்கெட் இல்லை. ஆண்கள் பணப்பையின் கயிற்றை இடுப்புத் துணிக்குள் கீழிருந்து மேலே விட்டு, மேல் நுனியில் புளியங்கொட்டையை விடப் பெரிதாக, மரத்திலோ தந்தத்திலோ செய்த ஒரு குமிழைக் கட்டினார்கள். பேர் நெட்சுகே. அந்தக் குமிழ் இடுப்புத் துணியின் மேல் தடுத்து நிற்கும், பை நழுவிக் கீழே விழாது. அதில் எலி, ஆமை, குழந்தை என்று செதுக்கி அழகு பார்த்தார்கள். இங்கிலாந்தில் 17-ஆம் நூற்றாண்டிலிருந்து 19-ஆம் நூற்றாண்டு வரைக்கும் பெண்கள் தனிப் பையை நாடாவில் கோத்துப் பாவாடைக்கு அடியில் இடுப்பில் கட்டினார்கள். மேல் பாவாடையில் உள்ள கிழிசல் வழியாகக் கையை விட்டு எடுப்பார்கள்.

சேப்டி பின் வந்தது 1849-ல். அமெரிக்காவில் நியூயார்க் நகரத்து வால்டர் ஹண்ட் என்பவர் ஏப்ரல் 10-ஆம் தேதி அதற்குக் காப்புரிமை வாங்கினார். அவருக்கு 15 டாலர் கடன் இருந்ததாம். ஒரே கம்பியை வளைத்து, ஒரு முனையில் சுருள் வைத்து, மறு முனையில் ஊசியை மூடுகிற தலையும் வைத்தார். சுருள்தான் ஸ்பிரிங், அது ஊசியைத் தலைக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த உரிமையை 400 டாலருக்கு விற்றுவிட்டார். அதற்குப் பிறகு அதில் சம்பாதித்ததெல்லாம் வேற ஆட்கள். கடன் நெருக்கடியில் நகையை விற்ற நம்ம யாருக்கும் இது புரியும். அந்தப் பின்தான் இன்றைக்கு நம்ம தாலிச் சரட்டில் நாலும் வளையலில் ரெண்டுமாகத் தொங்குகிறது.

திருடர்களும் சும்மா இருக்கவில்லை. கட்டு மாற மாற அவர்கள் பேரும் மாறியது. முடிச்சை அவிழ்த்தவன் முடிச்சவிழ்க்கி. மெட்ராஸ் பேச்சில் ‘முடிச்சவிக்கி’ என்று திட்டுகிறோமே, அது வெறும் வசவு இல்லை, ஒரு தொழிலின் பேர். சட்டையில் ஜேப்பு வந்ததும் அவன் ஜேப்படித் திருடன் ஆனான், பிறகு பிக்பாக்கெட். பையோடு அறுத்தவன் பிளேடு போடுகிறவன். இப்போது பைக்கில் வந்து பிடுங்குகிறவன். 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தில் இதற்கென்றே தனியாக 304-ஆம் பிரிவு இருக்கிறது. தண்டனை மூன்று வருஷம் வரை.

எங்கள் தரமணியில் பறக்கும் ரயில் ஸ்டேஷன் 2007-ல் வந்தது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது. நாம் வெளியே போவது அதிகமானது, கூட்டத்தில் நிற்பதும் அதிகமானது. எங்கள் குழு அக்கா ஒருவர் தவணைப் பணம் 4,200 ரூபாயைப் பேங்கில் கட்டப் போனபோது பஸ்ஸிலேயே ஹேண்ட்பேக் அறுபட்டது. இறங்கிய பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. அடுத்த கூட்டத்துக்கு வரவே கூச்சப்பட்டார். ‘அவங்க கட்டட்டும்’ என்று ஒரு சிலர் சொன்னார்கள், மறைக்க ஒன்றும் இல்லை. ரெண்டு மணி நேரம் பேசி, குழுவின் வேலையாகப் போனவர் என்பதால் எல்லோரும் பங்கு போட்டுக் கட்டினோம். அதற்குப் பிறகு பேங்குக்கு ரெண்டு பேராகத்தான் போகிறோம்.

அன்றிலிருந்து நான் கட்டு முறைகளை யோசித்துப் பார்க்கிறேன். ஹேண்ட்பேக் வாரைக் கையில் இறுக்கிச் சுற்றிக்கொள்வது சரியில்லை. பைக்கில் வருகிறவன் இழுத்தால் பையோடு நம்மையும் ரோட்டில் இழுத்துப் போவான். அப்படி இழுத்தால் விட்டுவிடுவதுதான் நல்லது, எலும்பு முறிந்தால் தவணையை விடச் செலவு ஜாஸ்தி. ஜாக்கெட்டுக்குள் பர்ஸ் வைத்தால் வேர்வையில் நோட்டு ஊறிப்போகுது, எல்லார் முன்னாலும் எடுக்கவும் சங்கடம்.

நான் செய்தது உள்பாவாடைப் பை. இங்கிலாந்துக்காரிகளின் பைக்குத் தங்கச்சி முறை. நாடாவுக்கு நாலு விரல் கீழே, வலது முன்பக்கத்தில், 5 அங்குல அகலம் 7 அங்குல உயரத்துக்கு ரெட்டைத் துணியில் தைத்து, வாய்க்கு ஜிப். உள்ளே மூலையில் ஒரு துணி வளையம் வைத்துத் தைக்க வேணும், இதை விட்டுவிடாதீர்கள். பர்ஸின் ஜிப் கண்ணையும் இந்த வளையத்தையும் சேர்த்து ஒரு பெரிய சேப்டி பின் போட்டால், பையின் ஜிப்பை மறந்து திறந்து விட்டாலும் பர்ஸ் கீழே விழாது. பஸ்ஸுக்குச் சில்லறை வேணுமென்றால் அதை மட்டும் வெளியே கைப்பையில் வையுங்கள். பழைய உள்பாவாடையில் தைத்தால் துணி நைந்து பையே பிய்ந்து வரும், புதுசில் தையுங்கள். மிஷின் இல்லாதவர்கள் சனிக்கிழமை கூட்டத்துக்குப் பாவாடையையும் ஒரு ஜிப்பையும் கொண்டு வந்தால் நான் தைத்துத் தருகிறேன். நூல் என்னோடது.