சிற்பியின் சொல்லும் கோட்டோவியமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை நகரின் தோற்றம் விரைந்து மாறியது. 1802இல் நிறைவுற்ற விருந்து மண்டபமும் (இன்றைய இராஜாஜி மண்டபம்), 1821இல் திறக்கப்பட்ட புனித ஆண்ட்ரூ தேவாலயமும் கிரேக்க, உரோமானிய முறைத் தூண்களுடன் எழுந்தன. செங்கல்லின்மேல் பூசப்பெற்ற சுண்ணச்சாந்து பளிங்கென மின்னியது. தூண் என்றால் மேலைநாட்டுத் தூணே, அளவு என்றால் மேலைநாட்டு அளவே என்னும் எண்ணம் ஆட்சியாளரிடையே வேரூன்றிய காலம் அது.

அக்காலத்தேதான், தஞ்சையில் பிறந்து, கும்பினியார் பணியில் சேர்ந்து, பெங்களூரில் நீதிபதியாக உயர்ந்த இராம் ராஸ், மானசாரம் முதலிய சிற்பநூல்களைத் தேடித் திரட்டினார். ஏடுகள் சிதைந்தும் பிழைபட்டும் கிடைத்தன. வடமொழி வல்லார்க்குத் தொழிற்சொற்கள் விளங்கவில்லை. தொழில் வல்லார்க்கோ ஏட்டின் மொழி விளங்கவில்லை. தஞ்சையைச் சேர்ந்த கம்மாளச் சிற்பி ஒருவரின் துணைகொண்டே இராம் ராஸ் இத்தடையைக் கடந்தார். நூல் கூறும் உறுப்பு எது என்பதைச் சிற்பியின் தொழிலறிவு தெளிவாக்கியது.

இம்முயற்சியின் பயனாய் விளைந்த ஆங்கில நூலை, இலண்டன் இராயல் ஆசியக் கழகம் 1834இல் 48 படத்தகடுகளுடன் வெளியிட்டது. அதனைக் காண ஆசிரியர் உயிருடன் இல்லை. பீடம், தூண், விமானம் ஆகியவற்றின் உறுப்புகள் அளவு பிசகாமல் வரையப்பெற்று, பெயர்களுடன் விளக்கப்பட்டன. தூணின் உயரத்தை அதன் விட்டத்தைக்கொண்டு அளக்கும் முறை இந்நாட்டிலும் உண்டெனக் காட்டி, கிரேக்கத் தூண்முறைகளுடன் அவர் ஒப்பிட்டார். இலக்கணமற்ற அலங்காரக் குவியல் என்று கருதப்பட்ட கலைக்கு இலக்கணம் உண்டென்பதை மேலையுலகிற்கு உணர்த்திய முன்னோடி நூல் அது.

கவிஞர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது அந்நூல் காத்த சொல்வளமாகும். பீடத்தின் திரண்ட வளைவு குமுதம். அதன்மேல் ஒடுங்கும் பகுதி கண்டம். வளைந்து கவியும் கூரைவிளிம்பு கபோதம். ஆம்பலும் கழுத்தும் புறாவும் கல்லில் உறைந்த உவமைகளே. உருவை மட்டும் வரைந்திருந்தால் இவ்வுவமைகள் ஊமையாய் நின்றிருக்கும்.

சவ்வாது மலைக்கு வடக்கே, வேலூர்க் கோட்டைக் கோயிலின் திருமண மண்டபத்தைக் காண்போர் குதிரைத் தூண்களை வியந்து திரும்புவர். சற்றே குனிந்து பீடத்தையும், நிமிர்ந்து கூரைவிளிம்பையும் நோக்கினால் இச்சொற்களை அங்கே படிக்கலாம். நூலின் முகப்பேட்டில் இராம் ராஸின் பெயர் மட்டுமே உள்ளது. தஞ்சைச் சிற்பியின் பங்கு, அவர் பொருள் விளக்கிய அச்சொற்களில் நிலைத்திருக்கிறது.