இரு போர்களுக்கிடையே தருமபுரி

மூன்றாம் மைசூர்ப் போர் 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையோடு ஓய்ந்தது. நான்காம் போர் 1799-இல் திப்புவின் வீழ்ச்சியோடு முடிவுற்றது. இடைப்பட்ட ஆண்டுகளில், புதிதாய்க் கைக்கொண்ட நம் பாரமகாலை ஆளும் பொறுப்பைக் கும்பினியார் அலெக்சாண்டர் ரீடு என்னும் படைத்தலைவரிடம் ஒப்படைத்தனர். அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோ தருமபுரியைத் தம் இருப்பிடமாக்கி வரி தண்டினார்.

மீண்டும் போர் மூளலாம் என்றிருந்த அக்காலத்தில், அத்தற்காலிகத் தலைமையிடத்தில் நிலையானதொன்று கருக்கொண்டது. இடைத்தரகரின்றி, நிலத்தை அளந்து, உழவரிடமே தீர்வை பெறும் இரயத்துவாரி முறையே அது. தீர்வையின் சுமையும் நேராக உழவர் தலையிலேயே விழுந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

1799-இல் மன்றோ கன்னட நாடு சென்றார். 1820-இல் சென்னை ஆளுநராகி, தாம் இங்குக் கற்றதை மாகாணத்தின் பொதுநெறியாக்கினார். தருமபுரியோ 1965-இல்தான் மாவட்டத் தலைநகராயிற்று. எனினும், பாப்பிரெட்டிப்பட்டி உழவர் தம் பெயரில் வைத்திருக்கும் பட்டாவில் அவ்வேழாண்டுகளின் சுவடு இன்றும் உண்டு.